தூங்கும் மூளையைப் படம் பிடித்தல்: ஆய்வக விலங்குகளின் தூக்க நிலைகளை ஆராய ஒரு முழுமையான வழிகாட்டி

நுண்ணோக்கியின் கீழே தலை அசையாதபடி பொருத்தப்பட்ட ஒரு சுண்டெலி. அசைவில்லை. மீசை மயிர்கள் ஆடவில்லை. கண்கள் திறந்திருக்கின்றன. குறிப்பேட்டில் "விழிப்பு, ஓய்வு" என்று எழுதிவிட்டுப் படம் எடுக்கத் தொடங்குகிறோம். ஆனால் அந்த விலங்கு அப்போது தூங்கிக்கொண்டிருக்கலாம். தலை பொருத்தப்பட்ட நிலையில் சுண்டெலிகள் கண்ணை மூடாமலே தூங்கும். தூங்கும்போது அவற்றின் மூளை ரத்தக் குழாய்கள் விரிந்து சுருங்கும் அளவு, விழித்து ஓய்ந்திருக்கும்போது காண்பதைவிட மிகப் பெரிது. எனவே கவனிக்காமல் விட்ட சில நிமிடத் தூக்கம், "விழிப்பு" என்று பெயரிட்ட முழுத் தரவையும் திரித்துவிடும். மனிதர்களிலும் இதே கதைதான். ஸ்கேனருக்குள் "சும்மா படுத்திருங்கள்" என்று சொல்லப்பட்டவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் மூன்று நிமிடத்துக்குள் விழிப்பை இழக்கிறார் என்று 2014இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது.

படத்தை மட்டும் பார்த்து விலங்கு தூங்குகிறதா என்று முடிவு செய்ய முடியாது. தூக்கத்தைத் தனியாக அளக்க வேண்டும், அப்புறம்தான் படத்தைப் படிக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு: விலங்கு தானாக, நிம்மதியாகத் தூங்கினால்தான் அளப்பதற்கே ஏதாவது இருக்கும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள், விலங்கைத் தேர்ந்தெடுங்கள்

"தூக்கத்தில் மூளை என்ன செய்கிறது" என்ற கேள்வியோடு அறுவை மேசைக்குப் போகாதீர்கள். தனித்தனி நரம்பணுக்கள் வேண்டுமா, புறணி (மூளையின் மேலுறை) முழுவதும் பரவும் அலை வேண்டுமா, ரத்தக் குழாயின் விட்டம் வேண்டுமா, நோர்அட்ரினலின் போன்ற ஒரு வேதிப்பொருளின் ஏற்ற இறக்கம் வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் கருவி வேறு, அறுவை வேறு, விலங்கைப் பழக்கும் காலமும் வேறு.

கூடவே கால அளவையும் எழுதிவையுங்கள். சுண்டெலி ஒரு நாளில் ஏறக்குறைய 12 மணி நேரம் தூங்கும், பெரும்பகுதி பகலில். ஆனால் நம்மைப் போல ஒரே நீட்டாக அல்ல, துண்டு துண்டாக. நான்-ரெம் தூக்கம் (மூளையில் மெதுவான அலைகள் ஓடும் தூக்கம்) சில நிமிடங்கள் நீளும், அதன் நடுவே சில விநாடிகளே நீடிக்கும் நுண்விழிப்புகள் வந்து போகும். ரெம் தூக்கம் (மூளை விழித்ததுபோல் இயங்க, உடல் தளர்ந்து கிடக்கும் தூக்கம்) ஒரு தடவைக்குச் சுமார் ஒரு நிமிடம். 24 மணி நேரத்தில் கிடைக்கும் மொத்த ரெம் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம்தான். இரண்டு மணி நேரம் படம் எடுத்தால் அதில் ரெம் ஒரு சில நிமிடங்களே தேறும், சில நாட்களில் அதுவும் தேறாது. எத்தனை அமர்வுகள், எத்தனை விலங்குகள் என்ற கணக்கு இந்த எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சுண்டெலியைப் பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது மரபணுக் கருவிகள் அதற்கு அதிகம் என்பதால். பெரிய எலிக்குத் தலை பெரிது, கூடுதல் எடையைச் சுமக்கும். அல்ட்ராசவுண்டுக்கும் சுதந்திரமாக நடமாடும் பதிவுகளுக்கும் அது வசதி. வரிக்குதிரை மீனின் இளங்குஞ்சு கண்ணாடி போலத் தெளிவாக இருப்பதால் முழு மூளையையும் உயிரோடு பார்க்கலாம். 2019இல் இந்தக் குஞ்சுகளின் மூளை, கண், தசை, இதயம் எல்லாவற்றையும் ஒளிரும் படங்களாகச் சேர்த்துப் பதிந்து, பாலூட்டிகளின் இரு தூக்க நிலைகளை நினைவூட்டும் இரண்டு வகைச் செயல்பாடுகளைக் கண்டார்கள். பழ ஈயில் ஐந்து நிமிட அசைவின்மையைத் தூக்கம் என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் 2000ஆம் ஆண்டு ஆய்வுகளிலிருந்து வருகிறது. ஆனால் மீனிலும் ஈயிலும் அசைவின்மை மட்டும் போதாது. லேசான தூண்டலுக்கு எழாமல் இருக்கிறதா, தூங்க விடாமல் வைத்தால் பிறகு அதிகம் தூங்கி ஈடுகட்டுகிறதா என்ற இரண்டையும் சோதித்த பிறகே அந்த நிலையைத் தூக்கம் என்று அழைக்கலாம்.

படி 2: கருவியைத் தேர்ந்தெடுத்தல்

இங்கே எடுக்கும் முடிவு அடுத்த ஓராண்டு வேலையை நிர்ணயிக்கும். அவசரப்படாதீர்கள்.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் பரிந்துரை ஃபைபர் போட்டோமெட்ரி. 200 முதல் 400 மைக்ரான் தடிமனுள்ள ஒரு ஒளியிழையை மூளையின் ஆழத்தில் வைத்து, அங்கே இருக்கும் நரம்பணுக் கூட்டத்தின் மொத்த ஒளிர்வை அளப்பது. இதில் படம் வராது, ஒரு நேரத்துக்கு ஓர் எண்தான் வரும். ஆனால் விலங்கு தன் கூண்டில், தன் கூட்டுக்குள் சுருண்டு படுத்து, இயல்பாகத் தூங்கும். அந்த ஒன்றிலேயே பாதி வேலை முடிந்துவிடும் என்பேன். மூளைத் தண்டில் உள்ள மிகச் சிறிய கருக்களையும் (நரம்பணுத் திரள்களையும்) எட்டலாம். நோர்அட்ரினலின் உணரிகளோடு (அந்த வேதிப்பொருளைப் பிடித்து ஒளிரும் புரதங்கள்) இதைச் சேர்த்துப் பார்த்தபோதுதான், நான்-ரெம் தூக்கம் சமதளமான நிலை அல்ல, சுமார் 50 விநாடிக்கு ஒருமுறை நோர்அட்ரினலின் ஏறி இறங்கும் மெதுவான அலை அதற்குள் ஓடுகிறது என்பது தெளிவாகத் தெரிந்தது.

தனி அணுக்களைப் பார்க்க வேண்டும், விலங்கும் நடமாட வேண்டும் என்றால் மினிஸ்கோப், அதாவது விலங்கு தலையில் சுமக்கும் சிறு நுண்ணோக்கி. தலையில் இரண்டு மூன்று கிராம் எடை ஏறும். 20 முதல் 30 கிராம் எடையுள்ள சுண்டெலிக்கு அது சிறிய சுமை அல்ல. முதல் நாட்களில் அது தலையைச் சாய்த்துப் படுக்கக்கூடச் சிரமப்படும். ஆழமான பகுதிக்குக் குச்சி போன்ற லென்ஸைச் செருக வேண்டியிருக்கும், அது வழியில் உள்ள திசுவை நசுக்கும். ஹிப்போகாம்பஸை (புறணிக்குக் கீழே இருக்கும், நினைவுக்கு முக்கியமான பகுதி) பார்ப்பவர்கள் இதற்காக மேலே இருக்கும் புறணியின் ஒரு பகுதியையே இழக்கிறார்கள். அந்தப் பகுதிக்கும் தூக்கத்தில் வேலை இருக்கிறது என்பதை மறந்துவிட வேண்டாம்.

இரு ஃபோட்டான் நுண்ணோக்கி 1990இல் வந்தது. நரம்பணுக் கிளைகள், அவற்றின் மேல் உள்ள நுண்முட்கள், ரத்தக் குழாய்ச் சுவர்கள் வரை காட்டும். மேற்பரப்பிலிருந்து அரை மில்லிமீட்டர் ஆழம் வரை சிரமமின்றி எட்டும், அதற்குக் கீழே படம் மங்கத் தொடங்கும். விலை: விலங்கின் தலை அசையவே கூடாது. அகலப்புலக் கேமரா முறையில் மண்டை ஓட்டைத் தெளிவாக்கி, மேல்புறப் புறணி முழுவதையும் ஒரே சட்டகத்தில் பார்க்கலாம். நான்-ரெம் தூக்கத்தின் மெதுவலைகள் புறணியின் ஒரு மூலையில் கிளம்பி மறுமூலைக்குப் பரவுவதைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. முதல் தடவை பார்க்கும்போது வேலையை மறந்து உட்கார்ந்துவிடுவீர்கள்.

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை கால்சியம் உணரிகளை நம்பியவை. நரம்பணு சுடும்போது, அதாவது மின்துடிப்பு எழுப்பும்போது, உள்ளே கால்சியம் ஏறுகிறது, ஜிகேம்ப் என்ற புரதம் அதைப் பிடித்து ஒளிர்கிறது. 2013இல் வந்த ஜிகேம்ப்6 குடும்பம் இந்தத் துறையை மாற்றியது. ஆனால் அதன் வேகத்துக்கு எல்லை உண்டு. மெதுவலைகளைப் பின்தொடரும். தூக்கக் கதிர்கள் எனப்படும் 10 முதல் 15 ஹெர்ட்ஸ் அலைத்தொகுப்பின் ஒவ்வொரு சுழற்சியையும் நம்பத் தகுந்தபடி பிரித்துக் காட்டாது, அந்தத் தொகுப்பு வந்துபோனதை ஒரு மேடு போலக் காட்டும். உங்கள் கேள்வி அந்தச் சுழற்சிகளுக்குள் இருந்தால் மின்முனைகளுக்குப் போங்கள்.

ரத்தத்தை அளக்கும் முறைகள் வேறு குடும்பம். செயல்சார் அல்ட்ராசவுண்ட் 2011இல் அறிமுகமானது. சுமார் 15 மெகாஹெர்ட்ஸ் ஒலியில் 100 மைக்ரான் நுணுக்கத்தோடு, ஒரு சென்டிமீட்டர் ஆழம் வரை ரத்த ஓட்டத்தைக் காட்டும். 2018இல் இதைக் கொண்டு எலிகளின் ரெம் தூக்கத்தைப் பார்த்தபோது, மூளை முழுவதும் ரத்த ஓட்டம் பொங்கி எழும் பெரிய அலைகள் தெரிந்தன. விழித்து ஓடும் எலியில் காண்பதைவிடப் பெரிய பொங்கல்கள் அவை.

எஃப்எம்ஆர்ஐ (ரத்த மாற்றங்களைக் காந்தப்புலத்தில் படமாக்கும் ஸ்கேன்) முழு மூளையையும் தரும், ஆனால் தூக்கத்துக்கு எதிரி. 100 டெசிபலைத் தாண்டும் இரைச்சல், குறுகலான குழாய், அசையாத தலை. இத்தனையையும் மீறி, 9.4 டெஸ்லா ஸ்கேனருக்குள் சுண்டெலிகளைத் தூங்கவைத்து, அதே நேரத்தில் மின்பதிவும் எடுத்திருக்கிறார்கள். அதற்குப் பின்னால் இருப்பது வாரக்கணக்கான பழக்கம். உலோகத் திருகுகள் படத்தில் கருப்பு ஓட்டைகளை உண்டாக்கும் என்பதால் கார்பன் இழை போன்ற மின்முனைகளை நாட வேண்டியிருக்கும்.

பெட் ஸ்கேன்? அதில் செலுத்தும் கதிரியக்கச் சர்க்கரைத் தடங்காட்டி உள்ளே ஏற அரைமணி நேரமாகும். ஒரு நிமிட ரெம் அதில் கரைந்தே போய்விடும்.

மயக்கம் தூக்கம் அல்ல

இதற்குத் தனி இடம் கொடுக்கிறேன், ஏனென்றால் இந்தக் குறுக்குவழியை எடுக்கச் சொல்லி யாராவது நிச்சயம் ஆலோசனை தருவார்கள். மயக்க மருந்து கொடுத்தால் விலங்கு அசையாது, மெதுவலைகளும் வரும், படம் அழகாக வரும். ஆனால் தூக்கத்திலிருந்து விலங்கைத் தட்டி எழுப்பலாம், மயக்கத்திலிருந்து முடியாது. தூக்கத்தில் நான்-ரெம்முக்கும் ரெம்முக்கும் இடையே மாறி மாறி ஓடும் ஒழுங்கு உண்டு, மயக்கத்தில் அது இல்லை. ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க மருந்து தானே ரத்தக் குழாய்களை விரிக்கும், அதனால் ரத்தத்தை அளக்கும் எந்த முறையிலும் அது அளவையே மாற்றிவிடும். மயக்கத்தைப் படிப்பது மதிப்புள்ள வேலைதான். அதன் முடிவைத் தூக்கத்தின் பெயரில் எழுதக் கூடாது, அவ்வளவுதான்.

படி 3: அனுமதியும் அக்கறையும்

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு கூண்டைக்கூடத் தொடக் கூடாது. ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆங்கிலேய அறிவியலாளர்கள் 1959இல் வகுத்த மூன்று கொள்கைகள் இங்கே வெறும் படிவம் அல்ல: மாற்று வழி இருந்தால் விலங்கைத் தவிர்ப்பது, எண்ணிக்கையைக் குறைப்பது, துன்பத்தைக் குறைப்பது. தூக்க ஆய்வில் மூன்றாவது கொள்கை அறிவியலோடு நேராக ஒட்டிக்கொள்கிறது. வலியில் இருக்கும் விலங்கு தூங்காது, அஞ்சும் விலங்குக்கு ரெம் வராது. அக்கறை குறைந்த இடத்தில் தரவும் குறைந்துவிடும்.

படி 4: அறுவை

மயக்க மருந்து, வலிநிவாரணி, உடல் வெப்பத்தைக் காக்கும் மெத்தை, கண்ணுக்குக் களிம்பு. இவை ஆய்வகத்தின் வழக்கமான நெறிமுறைப்படி. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: படச் சாளரம் (மண்டை ஓட்டில் பதிக்கும் கண்ணாடி) வைக்கும் அதே அறுவையில் ஈஈஜி (மூளை மின்னலைப் பதிவு), ஈஎம்ஜி (தசை மின்பதிவு) மின்முனைகளையும் வைத்துவிடுங்கள். "முதலில் படம் நன்றாக வரட்டும், மின்முனையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் அந்தப் பிறகு வராது.

ஈஈஜிக்கு மண்டை ஓட்டில் சிறு திருகுகள் போதும்: ஒன்று முன்புறப் புறணியின் மேல், ஒன்று பின்புறம் பக்கவாட்டில், ஒப்பீட்டுக்குச் சிறுமூளையின் மேல். முன்புறத் திருகு மெதுவலைகளை நன்றாகப் பிடிக்கும். பின்புறத் திருகு ஹிப்போகாம்பஸுக்கு அருகே இருப்பதால் ரெம் தூக்கத்தின் தீட்டா என்ற சீரான அலையைக் காட்டும். சாளரம் பெரிதாகி இடமில்லை என்றால் மறுபக்க அரைக்கோளத்தில் வையுங்கள். ஈஎம்ஜிக்குக் கழுத்தின் பின்புறத் தசையில் இரண்டு மெல்லிய கம்பிகள். நன்றாகச் செருகப்படாத ஈஎம்ஜி கம்பி, ரெம்மையும் அமைதியான விழிப்பையும் பிரிக்க முடியாமல் செய்துவிடும். அறுவையில் இந்த இரண்டு நிமிட வேலைக்குப் பொறுமை வேண்டும்.

சாளரத்துக்கு 3 முதல் 5 மில்லிமீட்டர் அகலக் கண்ணாடி வில்லை வழக்கம். துளையிடும்போது வெப்பம் ஏறாமல் உப்புநீரால் நனைத்துக்கொண்டே இருங்கள். சாளரத்தின் கீழ் வீக்கம் அடங்கிப் படம் தெளிய இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். மண்டையைத் திறப்பதற்கும் மெலிதாக்குவதற்கும் இடையே தேர்வு உண்டு. ரத்த ஓட்டத்தையோ மூளைத் திரவ ஓட்டத்தையோ படிப்பவர்கள் மெலிதாக்கிய ஓட்டின் வழியே பார்ப்பது நல்லது, ஏனென்றால் திறப்பு மூளை அழுத்தத்தையே மாற்றக்கூடும்.

படி 5: பழக்குதல்

முழு ஆய்விலும் அதிகம் அவசரப்படுத்தப்படும் படி இதுதான். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று திட்டம் போடுவார்கள். என் அனுபவத்தில் இரண்டு வாரத்துக்குக் குறைத்தால் நான்-ரெம் வரும், ரெம் வராது.

முதல் சில நாட்கள் கையில் மட்டும் வைத்துப் பழக்குங்கள். விலங்கு உள்ளங்கையில் அமர்ந்து முகத்தைத் துடைத்துக்கொள்ளத் தொடங்கினால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். பிறகு தலையைப் பொருத்தி 10, 15 நிமிடம். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டி, ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், அதற்கும் மேல். உடல் எதன்மேல் இருக்கிறது என்பது முக்கியம். ஓடு சக்கரத்தில் நின்றபடி சுண்டெலி தூங்குவது அரிது. உடல் முழுவதும் தாங்கப்படும் குழாய் அல்லது மென்மையான தொட்டில், அதற்குள் அதன் சொந்தக் கூட்டிலிருந்து எடுத்த படுக்கைப் பொருள் கொஞ்சம்: இந்தச் சின்ன மாற்றம் தூக்கத்தைப் பல மடங்கு எளிதாக்கும். தலையைப் பொருத்தும் கோணத்தையும் பாருங்கள். சுண்டெலி இயல்பாகத் தூங்கும்போது தலை கொஞ்சம் தாழ்ந்திருக்கும். நுண்ணோக்கிக்கு வசதியாக அதை நிமிர்த்திவைத்தால் கழுத்துத் தசை தளராது.

வெப்பநிலையை மறக்காதீர்கள். நமக்கு இதமான 22 டிகிரி அறை சுண்டெலிக்குக் குளிர். கூட்டில் அது சுருண்டும் மற்றவற்றோடு ஒட்டியும் சமாளிக்கிறது, தலை பொருத்தப்பட்ட நிலையில் அதற்கு வழியில்லை. அதற்கு இதமானது 30 டிகிரிக்கு அருகே, ரெம் தூக்கமும் அந்த வெப்பத்தில்தான் அதிகம் வரும். தொட்டிலின் அடியில் ஒரு மெல்லிய வெப்பத் தகடு போதும்.

நேரம்: விளக்கு எரியும் கட்டத்தின் முதல் பாதியில் சுண்டெலிக்குத் தூக்க அழுத்தம் அதிகம். பழக்கும் நாட்களிலும் பதிவு நாட்களிலும் ஒரே நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் பிறகும் தூங்க மறுத்தால், பதிவுக்கு முன் நான்கு முதல் ஆறு மணி நேரம் மென்மையாகக் கையாண்டு விழித்திருக்க வைக்கும் முறை உண்டு. ஆனால் அப்போது நீங்கள் பார்ப்பது ஈடுகட்டும் தூக்கம். மெதுவலைகள் இயல்பைவிட ஓங்கியிருக்கும். அதை வெளிப்படையாக எழுத வேண்டும், இயல்பான தூக்கத் தரவோடு கலக்கக் கூடாது.

படி 6: அறையும் கடிகாரமும்

நுண்ணோக்கி அறையில் பத்து நிமிடம் நீங்கள் அமைதியாக உட்கார்ந்து கேளுங்கள். அப்புறம் சுண்டெலிக்கு நம்மைவிட மிக உயர்ந்த ஒலிகள், 80 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும், கேட்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நுண்ணோக்கியில் லேசர் ஒளியை அங்குமிங்கும் வீசும் வேகமான ஸ்கேனர் கண்ணாடிகள் சுமார் 8 கிலோஹெர்ட்ஸில் கீச்சிடும். நமக்கு அது மெல்லிய முனகல், அதற்கு அது காதருகே ஓயாத ஊளை. பழக்கும் நாட்களிலேயே அந்தச் சத்தத்தை ஓடவிடுங்கள். திடீரென்று தொடங்கி நின்று தொடங்கும் சத்தம்தான் எழுப்பும். தொடர்ந்து ஓடுவதற்கு விலங்கு பழகிவிடும்.

ஒளிரும் புரதத்தைத் தூண்டும் நீல ஒளி கண்ணுக்குள் கசியக் கூடாது. சுண்டெலியின் தூக்கத்தையும் விழிப்பையும் ஒளி நேரடியாகவே மாற்றும், நாம் எதிர்பார்ப்பதற்கு எதிர்த்திசையில்கூட: இரவில் பாயும் ஒளி அதைத் தூங்கவைக்கும். லென்ஸைச் சுற்றி ஒரு கருப்புக் கூம்பு கட்டாயம். கண்ணைப் படம் பிடிக்க அகச்சிவப்பு விளக்கைப் பயன்படுத்துங்கள்.

கடிகாரம் பற்றி ஒரு வலி. ஒருமுறை ஈஈஜியையும் கேமராவையும் தனித்தனிக் கணினிகளில் ஓடவிட்டு, இரண்டையும் ஒரே நொடியில் தொடங்கினால் போதும் என்று நம்பினேன். இரு கடிகாரங்களுக்கு இடையே பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருந்தாலே ஆறு மணி நேரத்தில் ஒரு விநாடிக்கு மேல் விலகிவிடும். நுண்விழிப்பு சில விநாடிதான். மூன்று வாரப் பதிவில் அந்தக் கேள்விக்கான பகுதி முழுவதையும் விட்டுவிட வேண்டியதாயிற்று. கேமரா எடுக்கும் ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஒரு மின்துடிப்பு ஈஈஜி பதிவின் தனித் தடத்தில் விழட்டும். அதன் பிறகு எந்தக் கடிகாரத்தையும் நம்ப வேண்டியதில்லை.

படி 7: பதிவு

தொடர்ந்து ஆறு மணி நேரம் ஒளி பாய்ச்சினால் ஒளிரும் புரதம் வெளிறிப்போகும், திசுவும் சூடாகும். ஈஈஜி, ஈஎம்ஜி, வீடியோ மூன்றும் இடைவிடாமல் ஓடட்டும். படத்தை மட்டும் துண்டுகளாக எடுங்கள், பத்து நிமிடம் எடுத்துச் சில நிமிடம் விடுவது போல. ஈஈஜியைப் பார்த்துக்கொண்டே இருந்து, நான்-ரெம் ஆழமாகி ரெம்முக்குப் போகும் அறிகுறி தெரியும்போது படம் எடுப்பதும் செய்யலாம். ஆனால் அதற்கு ஒளியைத் திடீரென்று எரியவிட்டால் விலங்கு எழுந்துவிடும் ஆபத்து உண்டு. ஒளியின் வலிமையை எப்போதும் தேவையான குறைந்த அளவில் வையுங்கள்.

கண்மணியை மறக்காமல் பதியுங்கள். தலை பொருத்தப்பட்ட சுண்டெலியில் கண் திறந்தே இருப்பதால் இது நமக்குக் கிடைத்த வரம். தூக்கம் ஆழமாக ஆழமாகக் கண்மணி சுருங்கும், ரெம்மில் ஊசிமுனை அளவுக்கு வந்துவிடும். ஈஈஜி கெட்டுப்போன ஒரு பதிவை இது முழுவதும் மீட்காது. ஆனால் சந்தேகமான நிமிடங்களில் இது ஒரு நேர்மையான சாட்சி.

படி 8: தூக்க நிலைகளைக் குறித்தல்

இதுதான் அடித்தளம். படத்தைப் பார்க்காமல் செய்ய வேண்டும். படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிலைகளைக் குறித்தால், படத்தில் தெரியும் மாற்றத்துக்கு ஏற்ப எல்லைக்கோட்டைக் கை தானாக நகர்த்தும். பிறகு அந்த எல்லையில் படம் மாறுகிறது என்று கண்டுபிடிப்பீர்கள். அது சுற்றிச் சுற்றி வரும் வாதம்.

பதிவைச் சுண்டெலிக்கு 4 விநாடி, பெரிய எலிக்கு 10 விநாடித் துண்டுகளாகப் பிரிப்பது வழக்கம். விழிப்பில் ஈஈஜி சிறியதும் வேகமானதுமாக இருக்கும், ஈஎம்ஜி ஆடும். நான்-ரெம்மில் 4 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள டெல்டா ஓங்கும், அலைகள் உயரமாகும், ஈஎம்ஜி தாழும். ரெம்மில் டெல்டா விழும், 6 முதல் 9 ஹெர்ட்ஸ் தீட்டா சீரான ரம்பப் பல் போல ஓடும், ஈஎம்ஜி ஏறக்குறைய நேர்கோடாகும், இடையிடையே மீசையோ காலோ துள்ளும். 1959இல் பிரெஞ்சு ஆய்வாளர் ழூவே பூனைகளில் கண்டு "முரண்தூக்கம்" என்று பெயரிட்டது இதைத்தான்: மூளை விழித்ததுபோல், உடல் செயலற்று.

தானியங்கி மென்பொருள்கள் இப்போது நன்றாகவே குறிக்கின்றன. நீண்ட பதிவுகளுக்கு அவை இல்லாமல் முடியாது. ஆனால் அவை பெரும்பாலும் கூண்டில் நடமாடும் விலங்குகளின் பதிவில் பயிற்சி பெற்றவை. தலை பொருத்தப்பட்ட விலங்கின் அமைதியான விழிப்பை அவை நான்-ரெம் என்று தவறாகக் குறிப்பதுண்டு. ஒவ்வொரு விலங்கிலும் ஒரு பகுதியை இருவர் தனித்தனியாகக் கையால் குறித்து, ஒப்பிட்டு, பிறகு இயந்திரத்தை நம்புங்கள்.

எல்லைத் துண்டுகளில் கட்டாயமாக ஒரு பெயர் வைக்காதீர்கள். நான்-ரெம்மிலிருந்து ரெம்முக்குப் போகும்போது டெல்டாவும் தீட்டாவும் தூக்கக் கதிர்களும் கலந்து கிடக்கும் சில விநாடிகள் உண்டு. அதை "இடைநிலை" என்று தனியாக வையுங்கள். பிறகு பார்க்கும்போது அங்கேதான் சுவையான விஷயம் இருக்கக்கூடும். தூக்கம் மூளை முழுவதும் ஒரே நேரத்தில் நடப்பதும் அல்ல. நெடுநேரம் விழித்திருந்த எலிகளில், விலங்கு விழித்து நடமாடிக்கொண்டிருக்கும்போதே புறணியின் சில அணுக்கள் மட்டும் சிறு கணங்களுக்கு அணைந்து போவதை 2011இல் கண்டார்கள். ஒற்றை ஈஈஜி திருகு சொல்வதும் உங்கள் சாளரத்தின் கீழே நடப்பதும் வேறுபடலாம்.

படி 9: படத்தைச் சுத்தம் செய்தல்

அசைவைத் திருத்தும் நிரல்கள் நிறைய உள்ளன, அதில் அதிகம் நிற்க வேண்டாம். தூக்க ஆய்வுக்கே உரிய கண்ணி ரத்தம்.

ஹீமோகுளோபின் பச்சை ஒளியை உறிஞ்சும். ஜிகேம்ப் உமிழ்வதும் பச்சை. ரெம்மில் ரத்தக் குழாய்கள் பெருமளவு விரியும்போது, நரம்பணுக்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும் ஒளிர்வு குறைந்ததுபோலத் தெரியும். "ரெம்மில் புறணி அமைதியாகிறது" என்று ஒருவர் எழுதினால் நான் முதலில் கேட்பது, ரத்தத்தைக் கழித்தீர்களா என்பதுதான். அகலப்புல முறையில், ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் இறங்கிய ரத்தமும் ஒரே அளவு உறிஞ்சும் 530 நானோமீட்டருக்கு அருகில் உள்ள ஒளியை இடையிடையே பாய்ச்சி, அதன் எதிரொளிப்பைக் கொண்டு ரத்த அளவைக் கணித்துக் கழிக்கலாம். போட்டோமெட்ரியில் 405 நானோமீட்டர் ஒளியைக் கட்டுப்பாட்டுத் தடமாக வைப்பார்கள். அந்த அலைநீளத்தில் ஜிகேம்பின் ஒளிர்வு கால்சியத்தை ஏறக்குறையச் சாராது. ஆனால் ரத்தம் இரு அலைநீளங்களையும் ஒரே அளவில் உறிஞ்சுவதில்லை என்பதால் இது முழுத் தீர்வு அல்ல. உறுதியான சோதனை, கால்சியத்துக்கு எதிர்வினை காட்டாத சாதாரணப் பச்சைப் புரதத்தை வேறு சில விலங்குகளில் வைத்து அதே தூக்க நிலைகளைப் பதிவது. அங்கேயும் அதே ஏற்ற இறக்கம் தெரிந்தால் அது நரம்பணுவின் குரல் அல்ல.

படி 10: பகுப்பாய்வு

ஐந்து சுண்டெலிகளில் இரண்டாயிரம் அணுக்களைப் பதிந்திருந்தால் உங்கள் மாதிரி அளவு இரண்டாயிரம் அல்ல, ஐந்துக்கு நெருக்கமானது. ஒரே விலங்கின் அணுக்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. விலங்கையும் அமர்வையும் படிநிலையாக எடுத்துக்கொள்ளும் புள்ளியியல் கலப்பு மாதிரிகளைப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது வரிசை. இயல்பான விலங்கில் ரெம் எப்போதும் நான்-ரெம்முக்குப் பிறகே வருகிறது. தூக்கம் அமர்வின் தொடக்கத்தில் குறைவு, பின்பகுதியில் அதிகம். ஒளிர்வு வெளிறுவதும் அதே திசையில்தான். எனவே "விழிப்பைவிடத் தூக்கத்தில் குறைவு" என்ற முடிவு, வெறும் "தொடக்கத்தைவிடப் பிற்பகுதியில் குறைவு" என்பதாகவும் இருக்கலாம். விலங்கு எழுந்த பிறகு வரும் விழிப்பையும் தூக்கத்துக்கு முந்தைய விழிப்பையும் தனித்தனியே ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போய், நடுவே மட்டும் மாறினால் நம்பலாம். நிலைகளின் சராசரியைவிட மாறும் கணங்களைச் சுற்றி வரிசைப்படுத்திப் பாருங்கள், ரத்த சமிக்ஞை என்றால் அது நரம்பணுவுக்கு ஒன்றிரண்டு விநாடி பின்தங்கி வரும் என்பதைக் கணக்கில் கொண்டு.

ஒரே கேள்விக்கு இரு முறைகள் எதிரெதிர் விடை தரும் துறை இது. தூங்கும் சுண்டெலியின் மூளையில் அணுக்களுக்கு இடைப்பட்ட வெளி சுமார் 60 சதவீதம் விரிகிறது, கழிவு வேகமாக வெளியேறுகிறது என்று 2013இல் இரு ஃபோட்டான் நுண்ணோக்கியும் அயனி அளவீடும் சொன்னன. 2024இல் வேறு குழு வேறு முறையில் அளந்து, தூக்கத்திலும் மயக்கத்திலும் வெளியேற்றம் குறைகிறது என்றது. சாயம் எங்கே செலுத்தப்பட்டது, எந்த வேகத்தில், எதை வெளியேற்றம் என்று எண்ணினார்கள் என்பவை வேறுபட்டன. உங்கள் கட்டுரையிலும் இந்த விவரங்களை எதிர்முகாமில் உள்ளவர் அப்படியே திரும்பச் செய்யும் அளவுக்கு எழுதுங்கள். நிலைக் குறிப்புகளை மட்டுமல்ல, மூல ஈஈஜி, ஈஎம்ஜி கோப்புகளையும் படங்களோடு சேர்த்து வெளியிடுங்கள்.

கடைசி விலங்கின் பதிவு முடிந்ததும் திசுச் சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். ஒளியிழையின் முனை நீங்கள் நினைத்த கருவில்தான் இருந்ததா, உணரி எந்த அணுக்களில் ஒளிர்ந்தது, சாளரத்தின் கீழே வடு இருக்கிறதா என்று ஒவ்வொரு மூளையாகப் பாருங்கள். முனை அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்த விலங்கைத் தரவிலிருந்து நீக்குவதா என்ற விதியை, அதன் தூக்கப் பதிவைத் திறப்பதற்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும்.